இரண்டு வீட்டுப் பிள்ளைக்கு ஒரே நாட்காட்டி: கூகுள் காலண்டரும் பைக்குள் ஒரு நோட்டும்

விவாகரத்துத் தீர்ப்பில் பிள்ளையைப் பார்க்கும் உரிமை பெரும்பாலும் மூன்று வரியில் முடிந்துவிடும். பிரதி மாதம் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணி முதல் மறுநாள் மாலை 5 மணி வரை தந்தையிடம். கோடை விடுமுறையில் பாதி. பண்டிகை நாட்களை இருவரும் கலந்து பேசிக்கொள்ள வேண்டியது. சண்டையெல்லாம் அந்த மூன்று வரியில் எழுதாமல் விட்ட இடத்தில்தான் முளைக்கிறது. எந்தப் பாதி? எந்தப் பண்டிகை? எந்த பஸ் ஸ்டாண்டு? பதில் தெரியாமல் துணிப்பையோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பது பிள்ளை.

அந்த இடைவெளியை அடைக்கச் செலவில்லாமல் கிடைக்கும் இரண்டு பொருட்களைப் பற்றிய மதிப்புரை இது. ஒன்று, கூகுள் காலண்டர். இன்னொன்று, ஐம்பது ரூபாய்க்குள் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும் கெட்டி அட்டை நோட்டு. அம்மா காரைக்குடியில், அப்பா சென்னையிலோ சிங்கப்பூரிலோ, ஐயா அப்பத்தா தேவகோட்டையில் என்று சிதறியிருக்கும் நம் செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். நாளும் நேரமும் காலண்டருக்கு, உடம்பும் பாடமும் நோட்டுக்கு, போன் அவசரத்துக்கு மட்டும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நன்றாக உழைக்கும். ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டினால் இரண்டும் கெடும்.

முதலில் காலண்டர். புதிய நாட்காட்டியை உருவாக்குவதையும் பகிர்வதையும் கம்ப்யூட்டரில் பிரௌசர் வழியாகச் செய்துவிடுங்கள். அதற்கான அமைப்புகள் எல்லாம் அங்கேதான் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் சொந்த நாட்காட்டியைப் பகிர வேண்டாம். உங்கள் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும் வக்கீல் சந்திப்பும் அந்தப் பக்கம் தெரிய வேண்டிய அவசியமில்லை. பிள்ளை பெயரில் தனியாக ஒன்று தொடங்குங்கள். பொதுவில் எல்லோருக்கும் காட்டும் பெட்டியில் டிக் விழாமல் பார்த்து, குறிப்பிட்ட ஆட்களோடு பகிரும் இடத்தில் மற்றவருடைய ஜிமெயில் முகவரியைப் போடுங்கள். போகும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அவர் அழுத்திச் சேர்த்துக்கொண்டால்தான் அவர் போனில் வரும். சேர்த்த பிறகும் தெரியவில்லை என்றால், ஆப்பின் இடது மெனுவில் அந்த நாட்காட்டிக்கு டிக் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

என்ன அனுமதி கொடுப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நான்கு படிகள் உண்டு: நேரம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது, விவரத்தோடு பார்ப்பது, நிகழ்வை மாற்றுவது, மாற்றுவதோடு பகிர்வையும் நிர்வகிப்பது. இருவரும் சமம்தானே என்று மாற்றும் அனுமதியை இரு பக்கமும் வைத்துக்கொண்டால், கோபம் வந்த ஒரு ராத்திரியில் ஒருவர் ஒரு மாதத்தையே அழித்துவிட முடியும். அழித்தது குப்பைத் தொட்டியில் சுமார் 30 நாள் கிடக்கும், மீட்கலாம். ஆனால் யார் எப்போது எதை மாற்றினார் என்ற சரித்திரத்தைக் காலண்டர் தெளிவாக வைத்திருப்பதில்லை. இந்தப் பொருளின் பெரிய குறை இதுதான்.

இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. தீர்ப்பில் உள்ள நாட்களை ஒருவர் ஏற்றட்டும், மற்றவர் விவரத்தோடு பார்க்கட்டும். ஏற்றி முடித்த அன்றே இருவரும் மாதக் காட்சியை பிடிஎஃப் ஆகச் சேமித்து ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். நாள் மாற்றம் கேட்க வேண்டுமானால் அந்த நாட்காட்டியைத் தொடாமல், புதிய நிகழ்வு ஒன்றைப் போட்டு மற்றவரை விருந்தினராக அழைக்க வேண்டும். அவர் ஆம், இல்லை, இருக்கலாம் என்று பதில் தருவார்; வேறு நேரம் முன்மொழியவும் பொத்தான் உண்டு. கேட்டதும் பதிலும் மின்னஞ்சலில் தேதியோடு தங்கிவிடும். விருந்தினர் நிகழ்வை மாற்றலாம் என்ற இடத்தில் மட்டும் டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஆம்’ வந்த பிறகே பழைய நாளை நகர்த்த வேண்டும்.

இனி மாதந்தோறும் திரும்பும் நாட்கள். இரண்டாவது சனிக்கிழமையில் நிகழ்வைத் தொடங்கித் திரும்பும் முறையைத் தொட்டால், ‘மாதத்தின் இரண்டாவது சனி’ என்று அதுவே காட்டும். நான்காவது சனிக்குக் கவனம் வேண்டும். தொடங்கும் மாதத்தில் நான்காவதே கடைசிச் சனியாக இருந்தால், ‘நான்காவது’, ‘கடைசி’ என்று இரண்டு தேர்வு வரும். கடைசியைத் தொட்டுவிட்டால், ஐந்து சனி வரும் மாதத்தில் ஒரு வாரம் தள்ளிப்போய்விடும். 2026இல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் நான்கும் அப்படிப்பட்ட மாதங்கள். ஆண்டுக்கு நான்கு முறை வாசலில் தகராறு வர இந்த ஒரு பிசகு போதும்.

தீர்ப்பில் ‘முதல் சனி, ஞாயிறு’ என்று இருந்தால் இன்னும் கவனம். 2026 பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதத்தின் முதல் ஞாயிறு 1ஆம் தேதி, முதல் சனி 7ஆம் தேதி. இரண்டையும் தனித்தனித் தொடராகப் போட்டவர்களுக்கு இரண்டு நாளும் ஒட்டாமல் ஒரு வாரம் பிரிந்து நிற்கும். மார்ச்சிலும் நவம்பரிலும் இதே கதை. சனி காலை தொடங்கி ஞாயிறு மாலை முடியும் ஒரே நிகழ்வாகப் போட்டு, அதைச் சனிக்கிழமை கணக்கில் திரும்ப விடுங்கள். தீர்ப்பு இன்னும் எழுதப்படாத நிலையில் இருப்பவர்கள், ‘முதல் சனிக்கிழமையும் அதை அடுத்து வரும் ஞாயிறும்’ என்று மனுவிலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு நாளை மட்டும் மாற்றும்போது காலண்டர் மூன்று கேள்வி கேட்கும்: இந்த நிகழ்வா, இதுவும் இனி வருபவையுமா, எல்லாமுமா. இங்கே அவசரத்தில் ‘எல்லாம்’ என்று தொட்டு ஆண்டு முழுவதையும் ஒரு வாரம் நகர்த்திவிடுபவர்கள் நிறைய. மாற்றிய கையோடு அடுத்த இரண்டு மாதத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு: போனில் வேகமாக நிகழ்வு போடும்போது அது உங்கள் சொந்த நாட்காட்டியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ‘நான் போட்டேனே, நீதான் பார்க்கவில்லை’ என்ற வாக்குவாதத்துக்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். சேமிக்கும் முன் பிள்ளையின் நாட்காட்டி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். நினைவூட்டலும் அப்படித்தான். நீங்கள் உங்கள் போனில் வைத்த நினைவூட்டல் மற்றவர் போனில் அடிக்காது. அவரவர் அவரவருக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

பண்டிகை விஷயத்தில் இந்தக் காலண்டர் நமக்கு அரைகுறைதான். அது திரும்ப வைப்பது ஆங்கிலத் தேதியை. பொங்கல் 2025இல் ஜனவரி 14, 2026இல் ஜனவரி 15. தைப்பூசம் 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் கணக்கில் வரும் பிள்ளையார் நோன்பும், பொங்கலை ஒட்டிய செவ்வாயில் நாட்டரசன்கோட்டையில் வைக்கும் செவ்வாய்ப் பொங்கலும், பிள்ளையார்பட்டி சதுர்த்தியும், கொப்புடையம்மன் திருவிழாவும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். ‘ஆண்டுதோறும்’ என்று போட்டுவிட்டு நம்பியிருந்தால் அடுத்த வருடம் தவறான நாளில் பிள்ளை கிளம்பி நிற்கும். ஆகவே பண்டிகைகளைத் திரும்பும் நிகழ்வாகப் போடவே கூடாது. டிசம்பரில் புதுத் தினசரிக் காலண்டர் கடைக்கு வந்ததும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒரு மணி நேர வேலை.

பகிர்வதற்கு எளிய கணக்கு ஒன்று: தீபாவளி ஒற்றைப்படை ஆண்டில் அம்மாவிடம் என்றால் பொங்கல் அந்த ஆண்டு அப்பாவிடம், இரட்டைப்படையில் மாற்றி. பண்டிகை வார இறுதி முறையோடு மோதினால் பண்டிகைதான் மேல் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 2026 தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததுபோல மோதல் அடிக்கடி வரும். வீட்டுப் படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் நாள்), ஐயாவின் சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றது), சித்தப்பா கல்யாணம் போன்றவை தீர்ப்பில் இருக்காது. அவற்றுக்கு 30 நாள் முன்னறிவிப்பும், ஈடாக வேறொரு நாளும் என்று பேசி வைத்துக்கொண்டால் இரு பக்கத்து அப்பத்தாவுக்கும் ஆயாவுக்கும் பேரப்பிள்ளை கிடைக்கும். பெற்றோர் பிரிந்தாலும் பங்காளி வீட்டு விசேஷத்தில் பிள்ளைக்கு இடம் உண்டு. அந்த இடம் காலியாகக் கிடப்பதைப் பிள்ளை மறப்பதில்லை.

‘கோடை விடுமுறையில் பாதி’ என்பதையும் தேதியாக்கியே தீர வேண்டும். பள்ளி கடைசித் தேர்வுத் தேதியையும் திறக்கும் தேதியையும் அறிவித்த பிறகு எண்ணுங்கள். தேர்வு முடிந்த மறுநாள் முதல் நாள்; 45 நாள் விடுமுறை என்றால் 22ஆம் நாள் மாலை வரை ஒருவர், அதன்பின் மற்றவர். ஒற்றைப்படையில் மிஞ்சும் நாள் பள்ளி திறக்கும் பக்கத்துக்கு. சீருடை, புத்தகம், காலணி வாங்க அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தேவைப்படும்.

இடம் எழுதும்போது ‘காரைக்குடி பஸ் ஸ்டாண்டு’ என்று மட்டும் போடாதீர்கள். பழையதும் இருக்கிறது, புதியதும் இருக்கிறது. ஒருவர் அங்கேயும் ஒருவர் இங்கேயும் நின்று, ‘வரவே இல்லை’ என்று இருவரும் மனதாரச் சொல்ல முடியும். எந்த நிலையம், எந்தக் கடை வாசல், எத்தனை நிமிடம் காத்திருப்பது என்று எழுதுங்கள். 30 நிமிடம் நியாயமான கணக்கு. ஒப்படைப்பைக் காவல் நிலைய வாசலில் வைப்பதைக் கூடிய வரையில் தவிர்க்கலாம். நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் இருக்கும் இடமே பிள்ளைக்குப் போதும். பாதுகாப்புக்கு நீதிமன்றமே இடம் குறித்திருந்தால் அது வேறு, அதை மாற்றக் கூடாது.

சென்னையிலிருந்து வருபவர் ரயிலைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டும். பிற்பகலில் எழும்பூரில் கிளம்பும் பல்லவன் இரவில்தான் காரைக்குடி சேரும். சனி காலை 10 மணிக்குப் பிள்ளையை அழைக்க வெள்ளி மதியமே அலுவலகத்தை விட்டுக் கிளம்ப வேண்டும், இல்லையென்றால் இரவுப் பயணம். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. கூகுள் காலண்டரின் நினைவூட்டலோ அதிகபட்சம் 4 வாரத்துக்கு முன்புதான் அடிக்கும். ஆகவே டிக்கெட் எடுக்கும் நாளுக்கென்று 60 நாள் முன்னே தனி நிகழ்வு போட்டுக்கொள்ளுங்கள். ‘டிக்கெட் கிடைக்கவில்லை’ என்று வராமல் போகும் வார இறுதிகளில் பாதி இதிலேயே குறையும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தக் காலண்டர் உண்மையிலேயே நல்ல துணை. இங்கே இரவு 7:30க்குப் போட்ட வீடியோ அழைப்பு சிங்கப்பூரில் தானாகவே 10 மணி என்று காட்டும். இரண்டரை மணி நேரக் கணக்கில் குழம்பி பிள்ளை தூங்கிய பிறகு அழைப்பது நிற்கும். இந்த அழைப்பைச் சலுகையாக நினைக்க வேண்டாம். யஷிதா சாஹு வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பிள்ளை யாரிடம் இல்லையோ அவர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையோடு பேச முடிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அழைப்பு நேரத்தில் போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வீட்டின் அடுத்த கட்டுக்குப் போய்விடுங்கள். பக்கத்தில் நின்று பதில் எடுத்துக் கொடுப்பதைப் பிள்ளை தாங்காது.

வாட்ஸ்அப் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நாள் குறிக்க அது போதாது. அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாள் வரை எல்லோருக்கும் அழிக்கலாம், மறையும் செய்தி என்று வைத்துவிட்டால் 24 மணியிலோ 7 நாளிலோ 90 நாளிலோ காணாமல் போகும். அதோடு குரல் செய்தியில் தொனி ஏறிவிடும். ‘வண்டி தாமதம், 20 நிமிடம் ஆகும்’ என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் காட்ட நேர்ந்தால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63(4) பிரிவில் சொன்ன சான்றிதழும் மின்னணுப் பதிவோடு வேண்டும். அந்தப் போனை விற்றுவிடாமல் வைத்திருங்கள்.

பெற்றோருக்கென்றே வெளிநாட்டில் செய்த ஆப்கள் உண்டு. அவர்ஃபேமிலிவிஸார்ட் அவற்றில் பழையது. செய்தியை எப்போது பார்த்தார் என்ற பதிவு முதல் செலவுக் கணக்கு வரை உண்டு. காலண்டரில் இல்லாத சரித்திரம் அதில் இருக்கிறது. ஆனால் சந்தாவை இருவரும் தனித்தனியே கட்ட வேண்டும். ஒருவர் புதுப்பிக்காமல் விட்டால் பாதி பாலம்தான் மிஞ்சும். கசப்பு மிக அதிகமான, ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய பெற்றோருக்கு மட்டும் பொருந்தும்.

இப்போது நோட்டு. 100 பக்கம், கெட்டி அட்டை, பிள்ளையின் பையிலேயே இருக்கும், இரண்டு வீட்டுக்கும் பிள்ளையோடு போய் வரும். ஒரு பக்கத்தில் எழுத வேண்டியவை: ஒப்படைத்த தேதி, நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, மருந்து, வீட்டுப்பாடம், திங்களன்று கொண்டுபோக வேண்டியது, பையில் போன பொருட்கள். கீழே இருவர் கையெழுத்து. அவ்வளவுதான்.

இது ஏன் காகிதத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு மருந்து வரியே போதும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் என்று ஒரு பாட்டிலும், 250 மில்லிகிராம் என்று ஒரு பாட்டிலும் கடையில் இருக்கிறது. நிறமும் மூடியும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். அம்மா வீட்டில் 125இல் 10 மில்லி கொடுத்துப் பழகிய பிள்ளைக்கு அப்பத்தா வீட்டில் 250இல் அதே 10 மில்லி போனால் மருந்து இரட்டிப்பு. ‘சிரப் கொடுத்தாச்சு’ என்று எழுதினால் பயனில்லை. ‘சனி இரவு 8:40, 250 பாட்டில், 5 மில்லி’ என்று எழுத வேண்டும். அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேர இடைவெளி, நாளைக்கு 4 முறைக்கு மேல் கூடாது, அளவு எடையைப் பொறுத்து மருத்துவர் சொன்னபடி. அளவை வாசிக்க வேண்டியது மற்ற வீட்டில் கண்ணாடி போட்ட அப்பத்தாவாக இருக்கலாம். அவருக்கு ஆப் திறக்கத் தெரியாமல் இருக்கலாம், நோட்டைத் திறக்கத் தெரியும்.

நோட்டின் பலவீனம், பிள்ளை வாசிக்கும் என்பது. ஏழு வயதில் எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படித்துவிடும். எனவே பணம், வழக்கு, புதுத் துணை, குறை ஒன்றும் அதில் ஏறக் கூடாது. ‘மீண்டும் கிழிந்த சட்டையோடு அனுப்பியிருக்கிறாய்’ என்ற ஒரு வரி எழுதிய அன்றே அந்த நோட்டு செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தொலைந்துபோகும் என்பதும் உண்மை. மாதம் ஒருமுறை பக்கங்களைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பணம் இந்த இரண்டிலும் சேராது. பராமரிப்புத் தொகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ அனுப்பி, குறிப்பில் ‘ஜூன் பராமரிப்பு’, ‘முதல் பருவக் கட்டணம்’ என்று எழுதுங்கள். பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் நிறுத்துவதும், காட்டவில்லை என்று பணத்தை நிறுத்துவதும் இரண்டுமே தவறு. ஒன்றுக்கொன்று ஈடாகாது, தனித்தனியே நிறைவேற்ற மனு போட வேண்டியவை.

காலண்டருக்குச் சட்ட பலம் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமையை மாற்றிக்கொள்வது இருவர் சம்மதம். ஆனால் மாதத்தில் இரண்டு வார இறுதி மூன்றாகிறது, பிள்ளை ஊர் மாறுகிறது என்றால் இருவரும் சேர்ந்து மனுத் தாக்கல் செய்து உத்தரவை மாற்றிக்கொள்ள வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 26ஆவது பிரிவில் தீர்ப்புக்குப் பிறகும் அதற்கு இடம் உண்டு. அட்டவணையே எழுத முடியாமல் முட்டி நிற்பவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தேசிய உதவி எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. ஆகவே கையெழுத்துக்கு முன் மேலே சொன்ன நான்காவது சனி, விடுமுறைப் பாதி, இடம், காத்திருக்கும் நிமிடம் எல்லாம் அதில் இருக்கிறதா என்று ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருந்த வீட்டுக்கு இந்த முழு ஏற்பாடும் பொருந்தாது. நீங்கள் எப்போது எங்கே நிற்பீர்கள் என்பதை அந்த ஆளுக்கு வாரம் தவறாமல் அறிவிக்கும் பொருளாகக் காலண்டர் மாறிவிடும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆவது பிரிவில் நீதித்துறை நடுவர் தற்காலிகப் பொறுப்பைத் தரவும், பிள்ளைக்குத் தீங்கு வரும் என்றால் சந்திப்பை மறுக்கவும் முடியும். முதலில் அந்த வழி. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

மற்றவர்களுக்கு ஒரு கடைசி வேலை. மாதம் பிறக்கும் முன் கம்ப்யூட்டரில் மாதக் காட்சியை எடுத்து இரண்டு தாள் அச்சிடுங்கள். அம்மா வீட்டு நாளுக்கு ஒரு நிறம், அப்பா வீட்டு நாளுக்கு ஒரு நிறம். எந்த நிறம் எதற்கு என்பதைப் பிள்ளையே சொல்லட்டும், பிள்ளையே தீட்டட்டும். ஒரு தாள் இங்கே, ஒரு தாள் அங்கே. சுவரில் பெரியவர்கள் கண் உயரத்தில் ஒட்டாமல், பிள்ளை நின்றால் எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள்.